கிரான் டூரிஸ்மோ 7: முறையாகக் கார் ஓட்டக் கற்பது எப்படி

பிளேஸ்டேஷனுக்காக ஜப்பானின் பாலிபோனி டிஜிட்டல் நிறுவனம் உருவாக்கிய கிரான் டூரிஸ்மோ வரிசையின் முதல் விளையாட்டு 1997 டிசம்பரில் அந்நாட்டில் வெளிவந்தது. ஏழாவது விளையாட்டு பிளேஸ்டேஷன் 4, பிளேஸ்டேஷன் 5 ஆகிய இரண்டுக்குமாக 2022 மார்ச் 4 அன்று வந்தது. வெளியானபோதே அதில் நானூறுக்கும் மேற்பட்ட கார்கள் இருந்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை சாலையிலோ பந்தயத்திலோ உண்மையாகவே ஓடியவை. டொயோட்டா, ஹோண்டா, ஃபெராரி, போர்ஷே போன்ற நிறுவனங்களிடம் உரிமம் பெற்று, அந்தந்தக் காரின் எடை, எஞ்சின் திறன், எஞ்சின் எந்தச் சக்கரங்களைச் சுழற்றுகிறது என்பன போன்ற விவரங்களைக் கொண்டு அவை உருவாக்கப்பட்டிருக்கின்றன. இந்த உரிமம் எவ்வளவு முக்கியமானது என்பதற்குப் போர்ஷேயே சான்று. பல ஆண்டுகள் அந்நிறுவனத்தின் விளையாட்டு உரிமம் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்னும் வேறொரு விளையாட்டு நிறுவனத்தின் வசம் இருந்ததால், கிரான் டூரிஸ்மோ ரசிகர்கள் போர்ஷேயை அடிப்படையாகக் கொண்ட ரூஃப் கார்களை ஓட்டியே ஆறுதல் அடைந்தார்கள். 2017இல் வந்த கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்டில்தான் போர்ஷே தன் சொந்தப் பெயரோடு இவ்வரிசைக்குள் வந்தது.

இத்தகைய விளையாட்டில் முன்னேற வேண்டுமானால், எந்தப் பொத்தான் எதற்கு என்பதைவிட, ஓட்டும் காரின் இயல்பைத்தான் முதலில் அறிய வேண்டும். புதிதாகத் தொடங்குபவர் பலர் இரண்டு மூன்று பந்தயங்களில் தோற்றவுடன் கூடுதல் குதிரைத்திறன் உள்ள காரை வாங்கிவிடுகிறார்கள். அந்தக் கார் அவர்களை அதே வளைவில் இன்னும் வேகமாகச் சுவரில் மோதவைக்கிறது. நேரம் இழக்கப்படுவது நேர்ப்பாதையில் இல்லை, வளைவுக்கு முந்தைய நூறு மீட்டரில்தான் என்பதை ஏற்றுக்கொண்டு, வேகம் குறைந்த காரில் பிரேக் பிடிக்கக் கற்றுக்கொண்டவர்களே பின்னர் எந்தக் காரிலும் வேகமாக ஓட்டுகிறார்கள். இக்கட்டுரை அந்த வரிசையைப் பின்பற்றுகிறது.

ஓட்டத் தொடங்கும் முன்

முதலில் தொலைக்காட்சியின் அமைப்புகளுக்குச் சென்று கேம் மோடை இயக்குங்கள். படத்தை மெருகேற்றுவதற்காகத் தொலைக்காட்சி செய்யும் வேலைகள், நீங்கள் ஸ்டிக்கை அசைப்பதற்கும் திரையில் கார் திரும்புவதற்கும் இடையே சிறு தாமதத்தை உண்டாக்குகின்றன. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு வினாடியில் 55 மீட்டருக்கு மேல் கடந்துவிடும் என்பதால், பத்தில் ஒரு வினாடி தாமதம் என்பது ஐந்து மீட்டருக்கு மேல் தள்ளிப் பிரேக் பிடிப்பதற்குச் சமம். தனியாக விளையாடும்போதும் விளையாட்டின் பெரும்பகுதிக்கு இணைய இணைப்பு தேவைப்படுகிறது. இணைப்பு துண்டிக்கப்பட்டால், உங்களுக்குப் பணிகளைத் தரும் கஃபேயும், வாங்கிய கார்கள் நிற்கும் காராஜும் திறக்கமாட்டா.

அடுத்தது ஓட்டுநர் உதவி அமைப்புகள். தொடக்கநிலை, இடைநிலை, தேர்ந்தநிலை என மூன்று ஆயத்தத் தொகுப்புகளை விளையாட்டே தருகிறது. ஆனால் அவற்றுள் ஒன்றை அப்படியே எடுத்துக்கொள்வதைவிட ஒவ்வோர் உதவியையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுப்பது நல்லது. பிரேக் பிடிக்கும்போது சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸை இயல்புநிலையிலேயே விடுங்கள். கன்ட்ரோலரில் அதை நிறுத்தி ஓட்டுவதால் கிடைக்கும் பயன் மிகக் குறைவு. சக்கரங்கள் வழுக்காமல் காக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலை முன்சக்கர இயக்கக் கார்களுக்குப் பூஜ்ஜியத்திலும், திறன் மிகுந்த பின்சக்கர இயக்கக் கார்களுக்கு 1 அல்லது 2இலும் வைக்கலாம். அதற்கு மேல் வைத்தால் வளைவிலிருந்து வெளியேறும்போது கார் மூச்சடைத்ததுபோல் இழுக்க மறுக்கும். ஏஎஸ்எம் எனப்படும் நிலைத்தன்மை உதவியையும், எதிர்த்திசையில் ஸ்டியரிங்கைத் திருப்பித்தரும் உதவியையும் கூடிய விரைவில் நிறுத்திவிட வேண்டும். அவை இயங்கும்வரை கார் ஏன் வழுக்கியது என்பதே உங்களுக்குத் தெரியாது. உங்கள் தவறை அவை திருத்திவிடுவதால் தவறு மறைந்தே இருக்கும்.

சாலையின் மேல் வரையப்படும் வழிகாட்டிக் கோடு தொடக்கத்தில் பயன்படும். ஆயினும் அதையே பார்த்து ஓட்டுபவரின் கண் காருக்கு முன்னால் சில மீட்டர் தொலைவிலேயே நின்றுவிடுகிறது. ஒரு தடத்தின் அமைப்பு மனத்தில் பதிந்தவுடன் கோட்டை நிறுத்திவிட்டு, வளைவில் நுழையும் இடம், உட்புறத்தைத் தொடும் இடம், வெளியேறும் இடம் ஆகியவற்றில் சிறு கூம்புகளை மட்டும் காட்டும் வளைவுக் குறிகளை இயக்கிக்கொள்ளுங்கள். பார்வைக் கோணத்தைப் பொறுத்தவரை, காருக்குப் பின்னாலிருந்து பார்ப்பது அழகாக இருக்கும். பானெட் அல்லது பம்பரிலிருந்து பார்ப்பதுதான் துல்லியமாக ஓட்ட உதவும், ஏனெனில் கார் திரும்பத் தொடங்கும் கணத்தை அங்கிருந்துதான் தெளிவாக உணர முடிகிறது.

ஸ்டியரிங் வீல் வாங்கினால்தான் நன்றாக ஓட்ட முடியும் என்று எண்ணித் தயங்க வேண்டியதில்லை. கன்ட்ரோலரிலேயே மிக வேகமாக ஓட்டுபவர்கள் ஏராளம். பிளேஸ்டேஷன் 5இன் டூயல்சென்ஸ் கன்ட்ரோலரில் பிரேக்குக்கான எல்2 விசை காருக்கேற்பக் கடினமாகவும் மென்மையாகவும் மாறுகிறது. ஏபிஎஸ் வேலை செய்யத் தொடங்கும்போது அது விரலில் அதிர்கிறது. அந்த அதிர்வு மிகச் சிறந்த ஆசிரியர். அதிர்வு தொடங்குவதற்குச் சற்று முந்தைய அழுத்தமே டயர்கள் தரக்கூடிய அதிகபட்ச பிரேக் என்று கொள்ளலாம்.

காரின் விவரத்தைப் படித்தல்

விளையாட்டு தொடங்கியதும் பழைய கார் கடையில் டொயோட்டா ஆக்வா, ஹோண்டா ஃபிட், மஸ்டா டெமியோ ஆகிய மூன்று சிறு கார்களில் ஒன்றை வாங்கச் சொல்கிறது. எதை வாங்குவது என்று நெடுநேரம் யோசிக்க வேண்டாம். கஃபே தரும் பணிப் பட்டியலான மெனு புத்தகங்களில் முதலாவதை முடிக்கும்போது மற்ற இரண்டும் உங்களிடம் வந்துவிடும். மூன்றுமே முன்சக்கர இயக்கக் கார்கள் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. முன்சக்கரங்கள் காரை இழுக்கும் வேலையையும் திருப்பும் வேலையையும் சேர்த்தே செய்கின்றன. வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் முன்டயர்களின் பிடிப்பு இழுப்பதற்கே செலவாகி, திருப்புவதற்கு எஞ்சாமல் போகிறது; கார் வளைவின் வெளிப்புறத்தை நோக்கி நேராகச் செல்லும். அண்டர்ஸ்டியர் எனப்படும் இந்நிலையில் பலரும் ஸ்டிக்கை இன்னும் அதிகமாகத் திருப்புகிறார்கள். அப்போது செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறானது: ஆக்சிலரேட்டரைச் சற்றுத் தளர்த்தி, ஸ்டிக்கையும் சிறிது நேராக்கினால் டயர் மீண்டும் பிடித்துக்கொள்ளும்.

பின்சக்கர இயக்கத்தைக் கற்பதற்கு மஸ்டா ரோட்ஸ்டரைவிடப் பொருத்தமான கார் இந்த விளையாட்டில் இல்லை என்பது என் கருத்து. 2015ஆம் ஆண்டின் ரோட்ஸ்டர் எஸ் ஒரு டன்னுக்கும் குறைவான எடை கொண்டது. ஒன்றரை லிட்டர் எஞ்சின், முன்னும் பின்னும் ஏறத்தாழச் சமமான எடைப் பங்கீடு. அதன் திறன் குறைவாக இருப்பதால் நீங்கள் செய்யும் பிழை உடனே பெரிய விபத்தாக மாறுவதில்லை; ஆனால் ஒவ்வொரு பிழையையும் அது தெளிவாகத் தெரிவித்துவிடும். வளைவில் முரட்டுத்தனமாக ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பின்பகுதி மெல்ல வெளியே நகரும். அதே பிழையை ஐந்நூறு குதிரைத்திறன் உள்ள காரில் செய்தால் நீங்கள் வந்த திசையைப் பார்த்தபடி நிற்பீர்கள்.

நடுப்பகுதியில் எஞ்சின் கொண்ட ஹோண்டா என்எஸ்எக்ஸ் போன்ற கார்கள் வேகமாகத் திரும்பும், வேகமாகவே சுழன்றும்விடும். எஞ்சினைப் பின்அச்சுக்கும் பின்னால் சுமக்கும் போர்ஷே 911 வளைவின் நடுவில் திடீரென ஆக்சிலரேட்டரை விடுவதைப் பொறுத்துக்கொள்ளாது. எடை முன்னோக்கிச் சாய்ந்து பின்டயர்கள் லேசாகும்போது, பின்னால் இருக்கும் எஞ்சினின் கனம் காரைச் சுழற்றப் பார்க்கும். ஆகையால் 911இல் பிரேக்கை வளைவுக்கு முன்பே முடித்துக்கொண்டு, நடுவிலிருந்து மெல்லிய ஆக்சிலரேட்டரைத் தொடர்ந்து தந்துகொண்டே வெளியேற வேண்டும். பின்டயர்களின் மேல் கனம் அமர்ந்திருப்பதால் வெளியேற்றத்தில் அதைப்போல் உறுதியாகப் பிடிக்கும் கார்கள் குறைவு. சுபாரு இம்ப்ரெஸா, மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் போன்ற நான்கு சக்கர இயக்கக் கார்கள் ஈரத்திலும் மண்ணிலும் துணையாக நிற்கும். வறண்ட தார்ச்சாலையில் நுழையும் வேகம் சற்று மிகுந்தாலும் அவை வெளிப்புறம் நோக்கித் தள்ளும்.

எனவே ஒரு புதிய காரைத் தடத்திற்குக் கொண்டு செல்லும் முன் அதன் விவரப் பக்கத்தைத் திறந்து இயக்க முறை, எடை, குதிரைத்திறன் ஆகிய மூன்றையும் பாருங்கள். இந்த மூன்றும் தெரிந்தால் முதல் சுற்றிலேயே எங்கே பொறுமை தேவை என்பது தெரிந்துவிடும். கஃபேயில் லூகா என்னும் பாத்திரம் ஒவ்வொரு மெனு புத்தகத்தின் முடிவிலும் அந்தக் கார்களின் வரலாற்றைச் சொல்கிறார். அதை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். ஒரு கார் எந்தக் காலத்தில், யாருக்காக, என்ன நோக்கத்தோடு செய்யப்பட்டது என்று அறிந்தவருக்கு அதன் நடத்தை புதிராக இருக்காது.

பிரேக்

டயருக்கு இருக்கும் பிடிப்பு ஓர் அளவுக்கு உட்பட்டது. நிறுத்துவதற்கும் திருப்புவதற்கும் வேகமெடுப்பதற்கும் அதே பிடிப்பைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். முழு பிடிப்பையும் நிறுத்துவதற்குக் கொடுத்துவிட்டால் திருப்புவதற்கு எதுவும் மிஞ்சாது. இந்த விளையாட்டில் நீங்கள் கற்கும் மற்ற நுட்பங்கள் எல்லாம் இந்த ஓர் உண்மையிலிருந்து பிறப்பவையே.

பயிற்சிக்கு ஜப்பானின் சுகுபா தடத்தைத் தேர்ந்தெடுங்கள். அதன் ஒரு சுற்று 2.045 கிலோமீட்டர் மட்டுமே என்பதால், ஒரு வளைவில் செய்த பிழையைத் திருத்தும் வாய்ப்பு ஒரு நிமிடத்திற்குச் சற்றுக் கூடுதலான நேரத்திலேயே மீண்டும் வந்துவிடும். ரோட்ஸ்டரை எடுத்துக்கொண்டு, எதிராளி யாரும் இல்லாமல், தனியாக ஓட்டுங்கள். முதலில் வளைவுக்கு வெகுமுன்னரே, நேர்ப்பாதையில் கார் நேராக இருக்கும்போதே பிரேக்கை உறுதியாக அழுத்துங்கள். பிரேக் பிடித்த இடத்திற்கு அருகே நகராத பொருள் ஒன்றை அடையாளமாகக் கொள்ளுங்கள். தொலைவைக் காட்டும் பலகை, ஓரக்கல் தொடங்கும் இடம், வேலியில் உள்ள இடைவெளி என எதுவாகவும் இருக்கலாம். மற்றொரு காரையோ நிழலையோ அடையாளமாக வைக்கக் கூடாது. அவை அடுத்த சுற்றில் அதே இடத்தில் இருக்கமாட்டா.

ஒவ்வொரு சுற்றிலும் பிரேக் பிடிக்கும் இடத்தைச் சில மீட்டர் மட்டும் தள்ளிக்கொண்டே செல்லுங்கள். ஒரு கட்டத்தில் வளைவின் உட்புற விளிம்பைத் தொட முடியாமல் கார் அகலமாகச் செல்லும். அதற்கு முந்தைய சுற்றில் எங்கே பிடித்தீர்களோ அதுவே அந்தக் காருக்கும் அந்த டயருக்கும் உரிய இடம். இந்த எல்லையைத் தேடிப்போய்க் கண்டறியாமல், பந்தயத்தின் நடுவே எதிராளியைப் பார்த்துப் பிரேக் பிடிப்பவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் வெவ்வேறு இடத்தில் பிடிக்கிறார்கள். அவர்களுக்கு எது வேகம், எது தற்செயல் என்று பிரித்தறிய வழியே இல்லாமல் போகிறது.

இடம் உறுதியானபின் பிரேக்கை விடும் முறையைக் கவனியுங்கள். பெரும்பாலோர் எல்2 விசையிலிருந்து விரலைச் சட்டென எடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் முன்டயர்களின் மேல் சாய்ந்திருந்த எடை உடனே பின்னோக்கிப் போகும். திருப்ப வேண்டிய தருணத்தில் முன்டயர்கள் லேசாகி, கார் திரும்ப மறுக்கும். மாறாக, ஸ்டிக்கைத் திருப்பத் தொடங்கும்போது பிரேக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்து, ஸ்டிக் மேலும் திரும்பத் திரும்ப அழுத்தத்தை மேலும் குறைத்து, உட்புற விளிம்பை அடையும்போது முழுமையாக விட்டுவிட வேண்டும். அந்த மீதமுள்ள சிறு அழுத்தம் காரின் முன்பகுதியைத் தரையோடு சேர்த்துப் பிடித்து வளைவுக்குள் இழுத்துச் செல்கிறது. தொடக்கத்தில் கைவராத இந்த நுட்பமே சராசரி ஓட்டுநரையும் தேர்ந்த ஓட்டுநரையும் பிரிக்கிறது என்று துணிந்து சொல்லலாம். கார் சுழலத் தொடங்கினால் அழுத்தம் அதிகமாக இருந்திருக்கிறது என்றும், முன்பகுதி வெளியே தள்ளினால் விரைவில் விட்டுவிட்டீர்கள் என்றும் பொருள்.

பிரேக் பங்கீட்டை மாற்றும் பாகம் காரில் பொருத்தப்பட்டிருந்தால், பந்தயத்தின்போதே பிரேக்கின் முன்பின் பங்கீட்டைத் திரையின் தகவல் பலகை வழியாக மாற்றலாம். கார் வளைவில் நுழைய மறுத்தால் பங்கீட்டை ஓரிரு படிகள் பின்பக்கம் நகர்த்துங்கள். பிரேக் பிடிக்கும்போதே பின்பகுதி ஆடினால் முன்பக்கம் கொண்டுவாருங்கள். காரின் குணத்தை எளிதாக மாற்றும் வழி இது, எனினும் பலர் இதைத் தொடுவதே இல்லை.

வளைவிலிருந்து வெளியேறும்போது ஸ்டிக் நேராகும் அளவுக்கே ஆக்சிலரேட்டரைத் திறக்க வேண்டும். எல்லா வளைவுகளும் ஒரே மதிப்புடையவை அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சுசுகா தடத்தின் ஸ்பூன் வளைவு நீண்ட பின்நேர்ப்பாதைக்கு இட்டுச் செல்கிறது. அதன் முதற்பாதியில் நேரத்தைச் சிறிது இழந்தாலும், இரண்டாம் பாதியில் முன்கூட்டியே ஆக்சிலரேட்டரைத் திறந்தால் 130ஆர் வளைவு வரைக்கும் அந்த ஆதாயம் தொடர்ந்து வரும். அதே தடத்தின் தொடக்கத்தில் உள்ள எஸ் வளைவுகளில் ஒன்றின் வெளியேற்றமே மற்றொன்றின் நுழைவாக இருப்பதால், முதல் வளைவில் பேராசைப்பட்டால் அடுத்த மூன்றும் கெட்டுவிடும். இதற்கு மாறாக மோன்சாவின் முதல் சிக்கேன் (வேகத்தைக் குறைக்க அமைத்த இறுக்கமான இரட்டை வளைவு), மிக வேகமான நேர்ப்பாதையின் இறுதியில் நேராக நின்று பிரேக் பிடிக்கும் உறுதியை மட்டுமே சோதிக்கிறது.

கியர் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதானால், ஒரே இடத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்க முடியும்வரை ஆட்டோமேட்டிக்கில் ஓட்டுங்கள். அதன் பின் கைமுறைக்கு மாறுங்கள். வளைவில் நுழையும் முன்னரே தேவையான கியருக்கு இறக்கிவிட்டால் எஞ்சினும் காரை மெதுவாக்க உதவும். வெளியேறும்போது காரும் தயங்காது.

உரிமத் தேர்வுகள்

நேஷனல் பி, நேஷனல் ஏ, இன்டர்நேஷனல் பி, இன்டர்நேஷனல் ஏ, சூப்பர் என ஐந்து உரிமங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் பத்துத் தேர்வுகள். வெண்கலம் பெற்றாலே மேலே செல்லலாம் என்பதால் பலர் அத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். பத்திலும் வெண்கலம் பெற்றால் ஒரு பரிசுக் காரும், பத்திலும் தங்கம் பெற்றால் இன்னொரு காரும் கிடைக்கும் என்பது ஒருபுறமிருக்க, ஒரே ஒரு வளைவை மட்டும் எடுத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் பழகும் வாய்ப்பு விளையாட்டில் வேறெங்கும் இவ்வளவு ஒழுங்காக அமைவதில்லை. தங்கம் எட்டாக்கனியாகத் தோன்றினால், தேர்வுக்கு முன் காட்டப்படும் செய்முறை விளக்கத்தைப் பார்த்து, அதில் கார் எங்கே மெதுவாகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். பெரும்பாலும் நீங்கள் நினைத்ததைவிட முன்னரே அது மெதுவாகியிருக்கும்.

இங்கே கற்பது வெறும் திரைக்குள் முடிந்துவிடுவதில்லை என்பதற்கும் சான்று உண்டு. நிசான் நிறுவனத்தோடு சேர்ந்து 2008இல் தொடங்கப்பட்ட ஜிடி அகாடமி, விளையாட்டில் வேகமாக ஓட்டியவர்களைத் தேர்ந்தெடுத்து உண்மையான பந்தயக் கார்களில் அமர்த்தியது. அதன் முதல் வெற்றியாளரான ஸ்பெயினின் லூகாஸ் ஓர்டோனியெஸ் 2011ஆம் ஆண்டு லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் எல்எம்பி2 பிரிவில் இரண்டாம் இடம் பிடித்த அணியில் இருந்தார்.

டயர், எடை, அதன் பின் திறன்

கார்களை மேம்படுத்தும் கடையில் முதலில் டயருக்குச் செலவிடுங்கள். கம்ஃபர்ட், ஸ்போர்ட்ஸ், ரேசிங் என மூன்று வகை; ஒவ்வொன்றிலும் கடினம், நடுத்தரம், மென்மை என மூன்று தரம். சாதாரண சாலைக் கார் பெரும்பாலும் கம்ஃபர்ட் டயரோடுதான் வருகிறது. அதற்கு ஸ்போர்ட்ஸ் டயரை மாட்டினால் நிறுத்துவது, திரும்புவது, வேகமெடுப்பது என மூன்றுமே ஒருசேர மேம்படும். குதிரைத்திறனைக் கூட்டினால் நேர்ப்பாதை மட்டுமே மேம்படும். டயருக்கு அடுத்தது எடைக் குறைப்பு. அதன் பிறகே எஞ்சின்.

பல பந்தயங்களில் பிபி என்னும் செயல்திறன் புள்ளிக்கு உச்சவரம்பு உண்டு. நல்ல டயர் மாட்டினால் இந்தப் புள்ளி ஏறும். அப்போது திறனைக் கட்டுப்படுத்தும் பாகத்தைப் பொருத்தி எஞ்சின் திறனைக் குறைத்தோ, கூடுதல் எடை ஏற்றியோ வரம்புக்குள் கொண்டுவரலாம். திருப்பங்கள் மிகுந்த தடத்தில் திறனைக் குறைத்து டயரை உயர்த்துவதும், நீண்ட நேர்ப்பாதைகள் கொண்ட தடத்தில் அதை மாற்றிச் செய்வதும் பயன் தரும். பழைய கார் கடையில் வாங்கிய காருக்கு ஜிடி ஆட்டோ என்னும் பணிமனையில் எண்ணெய் மாற்றுவதை மறக்க வேண்டாம். எண்ணெய் பழுதடைந்திருந்தால் எஞ்சின் முழுத் திறனையும் தராது. சஸ்பென்ஷன், சக்கரங்களுக்கிடையே எஞ்சின் திறனைப் பங்கிடும் டிஃபரன்ஷியல் ஆகியவற்றின் நுண்ணிய அமைப்புகளை, ஒரே நேரத்தைச் சுற்றுக்குச் சுற்று திரும்பவும் எடுக்கத் தெரிந்த பிறகே தொடுங்கள். அதற்கு முன் மாற்றினால், நேரம் குறைந்தது அமைப்பாலா உங்களாலா என்பது தெரியாது.

பணத்தைப் பொறுத்தவரை, லெஜெண்ட் கார்கள் பகுதியில் உள்ள மெக்லாரன் எஃப்1 போன்றவை ஒரு கோடியே எண்பது லட்சம் கிரெடிட்டுக்கும் மேல் விலை கொண்டவை. அவற்றை உண்மைப் பணம் கொடுத்து எட்டிப்பிடிக்க விளையாட்டு இடம் தருகிறது. அதற்கு எந்தத் தேவையும் இல்லை என்றே கருதுகிறேன். யாரையும் மோதாமல், தடத்தை விட்டு விலகாமல் முடித்தால் பரிசுத்தொகையில் பாதி கூடுதலாகக் கிடைக்கும். லே மான் தடத்தில் 700 பிபி வரம்போடு அரை மணி நேரம் நடக்கும் பந்தயத்தின் முதல் பரிசான 5,50,000 கிரெடிட், ஒழுங்காக ஓட்டினால் 8,25,000 ஆகிறது. இத்தகைய பந்தயங்களில் எரிபொருள் அமைப்பு 1 அதிகத் திறனையும் 6 அதிகச் சிக்கனத்தையும் தரும் என்பதை நினைவில் கொண்டு, முன்னால் செல்லும் காரின் பின்காற்றில் பயணிக்கும்போது எண்ணை உயர்த்தினால் எரிபொருள் நிரப்பப் பிட்டுக்குள் செல்லும் ஒரு முறையை மிச்சப்படுத்த முடியும்.

மழை

மழையில் இரண்டே விஷயங்கள் முடிவை நிர்ணயிக்கின்றன. தகவல் பலகையில் உள்ள மழை ராடாரைப் பார்த்து மேகம் எப்போது வரும் என்று முன்கூட்டியே அறிவது ஒன்று; சாலையின் ஈர அளவைக் காட்டும் குறியைப் பார்த்து இன்டர்மீடியட் டயரா, கனமழை டயரா என்று முடிவெடுப்பது மற்றொன்று. மழை ஓய்ந்தபின் கார்கள் ஓடும் பாதை முதலில் காய்கிறது. அதை விட்டு ஒரு சக்கரம் விலகினாலும் பிடிப்பு சட்டெனக் குறைந்துவிடும். ஈரத்தில் ஒரு கியர் மேலே வைத்துக்கொண்டு வளைவிலிருந்து வெளியேறினால் பின்சக்கரங்கள் அமைதியாக இருக்கும்.

மற்றவர்களோடு ஓடும்போது

ஸ்போர்ட் பகுதியில் இணையம் வழியே பிறரோடு ஓட பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா தேவை. அங்கே டிஆர் உங்கள் வேகத்தையும், எஸ்ஆர் உங்கள் நன்னடத்தையையும் அளக்கின்றன. இரண்டையும் கொண்டே உங்களோடு யார் ஓடுவது என்பது முடிவாகிறது. எஸ்ஆர் தாழ்ந்தால் மோதுபவர்களோடுதான் ஓட நேரிடும், அவர்களோடு ஓடும்போது அது மேலும் தாழும். ஆகவே முதல் சில வாரங்களுக்கு இடத்தைப் பற்றிக் கவலைப்படாமல் எஸ்ஆரை உயர்த்துவதிலேயே முனையுங்கள்.

தகுதிச் சுற்றை முன்கூட்டியே வேண்டிய அளவு ஓட்டி வைத்துக்கொள்ளலாம். உலகின் முன்னணி ஓட்டுநர்களின் சுற்றுகளும் அங்கே பார்க்கக் கிடைக்கின்றன. பந்தயம் தொடங்கியதும் முதல் வளைவில் வழக்கத்தைவிட முன்பாகவே பிரேக் பிடியுங்கள். முன்னால் கார்கள் நெருங்கி நிற்பதால் அவை தனியாக ஓடும்போதைவிட முன்னரே மெதுவாகும். காற்றின் எதிர்ப்பு குறைந்த பின்காற்றில் இருக்கும்போது உங்கள் கார் கூடுதல் வேகத்தில் வளைவை அடையும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

முந்துவதற்கான உரிமை, வளைவில் திரும்பத் தொடங்கும் முன்னரே எதிராளியின் பக்கவாட்டில் கணிசமாக வந்துவிட்டவருக்கே உண்டு. வெகுதொலைவிலிருந்து உட்புறம் பாய்ந்து, எதிராளியைத் தடுப்பாகப் பயன்படுத்தி நிற்பது முந்துதல் ஆகாது. பக்கத்தில் கார் இருப்பதைக் காட்டும் ராடாரைப் பார்த்து, அவருக்கு ஒரு கார் அகலம் இடம் விட்டே திரும்புங்கள். அபராத நேரம் விதிக்கப்பட்டால், தடத்தில் குறிக்கப்பட்ட அபராதப் பகுதியில் பந்தயக் கோட்டை விட்டு விலகி அதைக் கழியுங்கள். பின்னால் வருபவருக்கு அதுவே பாதுகாப்பு.

நோர்ட்ஷ்லைஃபே

இவையனைத்தும் ஓரளவு கைவந்தபின் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் நோர்ட்ஷ்லைஃபேக்குச் செல்லுங்கள். 1927இல் திறக்கப்பட்ட இத்தடம் 20.8 கிலோமீட்டர் நீளமும், மிகத் தாழ்ந்த இடத்திற்கும் மிக உயர்ந்த இடத்திற்கும் இடையே ஏறக்குறைய முந்நூறு மீட்டர் உயர வேறுபாடும் கொண்டது. முழுச் சுற்றையும் ஒரே மூச்சில் கற்க முயலக் கூடாது. சர்க்யூட் எக்ஸ்பீரியன்ஸ் பகுதி இதைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தருகிறது; ஒரு துண்டைப் பிழையின்றி ஓட்டிய பிறகே அடுத்ததற்குச் செல்லுங்கள். இங்கேயும் முதலில் ரோட்ஸ்டர் போன்ற காரையே எடுத்துச் செல்ல வேண்டும் என்பது என் உறுதியான பரிந்துரை.

ஃப்ளுக்பிளாட்ஸ் மேட்டில் கார் லேசாகிச் சக்கரங்கள் தரையிலிருந்து எழப் பார்க்கும். மேட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, மேட்டின் மீது ஸ்டிக்கை நேராக வைத்து, இறங்கி எடை மீண்டும் அமர்ந்த பிறகே வலப்புறம் திரும்ப வேண்டும். ஃபுக்ஸ்ரூரே இறக்கத்தின் அடியில் கார் தரையோடு அழுத்தப்பட்டு, அடுத்த ஏற்றத்தில் பார்வையிலிருந்து சாலை மறையும். அதைக் கடந்ததும் வரும் அடெனாவர் ஃபோர்ஸ்ட் திடீரென இறுகுவதால், சாலை தெரியும்வரை காத்திருப்பவர் புல்லில்தான் நிற்பார். காருசெல் வளைவில் இடப்பக்கச் சக்கரங்களை உட்புறக் கான்கிரீட் சரிவுக்குள் இறக்கிவிட்டு, அது காரைத் தானே சுற்றிக் கொண்டுவரும்வரை ஆக்சிலரேட்டரை ஒரே சீராகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சுற்றின் இறுதியில் வரும் கால்கன்கோப்ஃப் என்னும் நீண்ட வலது வளைவுக்குத் தனிக் கவனம் தேவை. அதற்குப் பின் டோட்டிங்கர் ஹோஹே என்னும் இரண்டு கிலோமீட்டருக்கும் மேலான நேர்ப்பாதை இருப்பதால், வளைவிலிருந்து எவ்வளவு வேகத்தைச் சுமந்து வெளியேறுகிறீர்களோ அது அந்தத் தொலைவு முழுவதும் உங்களோடு வரும். எனவே அங்கே வழக்கத்தைவிடச் சில மீட்டர் முன்னரே பிரேக் பிடித்து, கார் உட்புறத்தில் நன்றாக அமரும்வரை பொறுத்திருந்து, வெளியேற்றம் கண்ணில் பட்டதும் ஆக்சிலரேட்டரை முழுமையாகத் திறந்து, ஸ்டிக்கை மெல்ல நேராக்கிக்கொண்டே சாலையின் இடது ஓரம் வரை காரைப் போகவிடுங்கள்.